எழுபத்தைந்துக்கு மேல் ஒன்று

ஹின்தாடா
ஜனவரி 18, 2015

மகன் கேப்டன் யான் நைங்குக்கு,

உன் உடலும் உள்ளமும் இரண்டும் சுகமாயிருக்கட்டும். இங்கே நான் சுகம். முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொல்லி உனக்குத் தெரிவதைவிட நானே சொல்வது மலிவு.

நேற்று நூ அக்காவின் தேநீர்க்கடையில் தொலைக்காட்சியில் நாடாளுமன்றத்தைக் காட்டினார்கள். நீ தலைநகருக்குப் போய் அங்கே உட்கார்ந்து ஒரு வாரம் ஆகிறதே, விடுவேனா? ராணுவத்தின் பச்சைச் சட்டை வரிசைகள் வந்ததும் எழுந்து நின்று, “அதோ! மூணாவது வரிசை, ஓரத்துலேருந்து ரெண்டாவது ஆளு! என் மகன்!” என்று கத்தினேன். காது மந்தமானவன் கத்தினால் எப்படியிருக்கும் என்று உனக்குத் தெரியும். கடை முழுதும் திரும்பியது. நூ அக்கா என் பேரில் எல்லோருக்கும் ஒரு சுற்றுத் தேநீர் ஊற்றிவிட்டாள். அப்புறம் கேமரா கிட்டே போனது. அந்த ஆளுக்கு நடு மண்டை வழுக்கை, மேலுதட்டில் மிளகு அளவுக்கு ஒரு மரு.

வாத்தியார் ஓன் மாவ் என் தோளைத் தட்டி, “சான் பே, பிள்ளை நல்லா வளந்துட்டான்யா. உன்னைவிட மூத்தவனா ஆயிட்டான்,” என்றார். அப்புறம் எல்லோரிடமும் தம் பழைய பாட்டைப் பாடினார். “எண்பத்தெட்டுல ராணுவ ஆட்சியை எதிர்த்து ஊர்வலத்துல நடந்தேன்னு என் வேலையைப் பிடுங்கி ரிக்ஷா மிதிக்க விட்டாங்க. மிதிச்சுட்டு வந்து சாயங்காலம் இவன் பயலுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தேன், ராணுவப் பள்ளியில சேரட்டும்னு. என்னைவிட முட்டாள் இந்த ஊர்ல உண்டா?” சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

நீ எந்த வரிசை என்று எழுது. இன்னொன்று. மற்ற உறுப்பினர்களை ஊரார் ஓட்டுப் போட்டு அனுப்பினார்கள். ‘உன் மகனை யார் அனுப்பினது?’ என்று கடையில் என்னைக் கேட்கிறார்கள். என்ன சொல்லட்டும்?

போனில் கூப்பிடாதே. முப்பது வருஷம் ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டதில் இடது காது முழு விடுப்பில் போய்விட்டது. வலது காது வேலைக்கு வருகிறது, ஆனால் தாமதமாக வருகிறது. கடிதமே எழுது.

வழுக்கை விழாத மகனுக்கு ஆசியுடன்,
அப்பா

*

நேபிடோ
பிப்ரவரி 9, 2015

அப்பாவின் பாதங்களை மும்முறை பணிந்து எழுதுவது.

நான் நலம். எய் பியூவும் குழந்தையும் மெய்க்டிலா குடியிருப்பில் நலம். அப்பா இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தாமல் சாப்பிட வேண்டும்.

நான் ஐந்தாவது வரிசை. எங்களை யாரும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. அரசியல் சட்டப்படி நூறு இடத்தில் இருபத்தைந்து எங்களுடையது. பட்டியல் வந்தது, என் பெயர் இருந்தது, பெட்டியைக் கட்டினேன். வேலை கடினமில்லை. காலையில் பேருந்து வருகிறது. உட்காருகிறோம். மாலையில் பேருந்து வருகிறது. சாலைகள் மிக அகலம். கடப்பதற்கு ஆட்கள்தான் இல்லை.

வாத்தியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

பணிவுடன்,
யான் நைங்

*

ஹின்தாடா
மார்ச் 22, 2015

மகன் கேப்டன் யான் நைங்குக்கு,

வெயில் ஏறிவிட்டது, ஆறு இறங்கிவிட்டது, நான் இரண்டுக்கும் நடுவில் வேர்த்துக்கொண்டு சுகமாயிருக்கிறேன். நீயும் பெண்டாட்டி பிள்ளையும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். மாத்திரை சாப்பிடுகிறேன். மறக்கும் நாட்களில் மறுநாள் இரண்டாகச் சாப்பிட்டுவிடுகிறேன், கவலைப்படாதே.

எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு இந்த வயதில் கணக்குப் பாடம் நடக்கிறது. அரசியல் சட்டத்தை மாற்ற வேண்டும் என்று பேச்சு அடிபடுகிறதல்லவா, வாத்தியார் நேற்று சிந்தின பாலில் விரலைத் தொட்டு மேசையில் எழுதிக் காட்டினார். சட்டத்தில் முக்கியமான எதையும் மாற்ற நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு மேல் ஓட்டு வேண்டுமாம். சரியாக எழுபத்தைந்து போதாது, அதற்கு மேல். ராணுவம் இருபத்தைந்து. மீதிப் பேர் எல்லோரும், ஒருவர்கூடக் காய்ச்சலில் படுக்காமல், ஒற்றுமையாகப் போட்டாலும் எழுபத்தைந்தோடு நின்றுவிடும்.

“அதுக்கு மேல ஒண்ணு வேணும். ஒரே ஒண்ணு. அந்த ஒண்ணு பச்சைச் சட்டையிலேருந்துதான் வரணும். இதை எழுதினவன் என்கிட்ட படிச்சிருந்தா முதல் மார்க் போட்டிருப்பேன். பூட்டையும் செஞ்சு, சாவியை உள்ளேயே வச்சுப் பூட்டிட்டான் பாரு,” என்றார் வாத்தியார்.

நான் சொன்னேன்: “உள்ளே என் மகன் இருக்கானே.”

விளையாட்டாகத்தான் சொன்னேன். ஆனால் யாரும் சிரிக்கவில்லை. நூ அக்கா, பாவம், ஈரத் துணியை வைத்துக்கொண்டு அந்தக் கணக்கைத் துடைக்காமல் நின்றாள்.

உன்னிடம் எதுவும் கேட்கிறேன் என்று நினைக்காதே. ஓட்டெடுப்பு ரகசியச் சீட்டா, கை தூக்குவதா என்று மட்டும் எழுது. வாத்தியார் கேட்கச் சொன்னார்.

தண்ணீர்த் திருவிழாவுக்கு லீவு கிடைக்குமா?

நிழலில் நடக்கச் சொல்லும்,
அப்பா

*

நேபிடோ
ஏப்ரல் 25, 2015

அப்பாவின் பாதங்களை மும்முறை பணிந்து எழுதுவது.

புத்தாண்டில் அப்பாவுக்கு நோயற்ற வாழ்வு கிடைக்கட்டும். லீவு கிடைக்கவில்லை. இங்கே திருவிழாவுக்குத் தண்ணீர் வண்டிகள் நிறைய வந்தன. நனைக்கத்தான் ஆள் போதவில்லை. குழந்தைக்கு முதல் பல் முளைத்திருப்பதாக எய் பியூ எழுதியிருக்கிறாள்.

மாத்திரையை இரண்டாகச் சாப்பிடக் கூடாது.

சீட்டு என்றே நினைக்கிறேன்.

பணிவுடன்,
யான் நைங்

*

ஹின்தாடா
மே 30, 2015

மகன் கேப்டன் யான் நைங்குக்கு,

பேத்தியின் பல்லுக்கு என் ஆசி. உன் உடலும் உள்ளமும் சுகமாயிருக்கட்டும். என் உடல் சுகம். உள்ளம் திருடனைப்போல் பதுங்கிக்கொண்டிருக்கிறது. காரணம் சொல்கிறேன், கோபிக்காதே.

போன வாரம் கரைத் தெருவில் பிள்ளைகளைச் சிறுதுறவிகளாக்கி மடத்துக்கு அனுப்பும் சடங்கு. ஒலிபெருக்கி நம்முடையது. நான்கு குழாய்களைத் தென்னை மரங்களில் உயரக் கட்டியிருந்தேன். அன்னதானம் கொடுத்தவர்களின் பெயர்களையெல்லாம் வாசித்து முடித்து மைக்கை அணைத்தேன். அணைத்தேன் என்று நினைத்தேன். அணைந்ததா என்று கண்டுபிடிக்க மற்றவனுக்குக் காது போதும். எனக்கு யாராவது வந்து சொல்ல வேண்டும்.

வாத்தியார் ரிக்ஷாவை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “அடுத்த மாசம் ஓட்டெடுப்பாம்யா. அந்த ஒண்ணு எங்கேருந்து வரப்போகுது? எல்லாம் மரக்கட்டைங்க,” என்றார். எனக்குச் சுருக்கென்றது.

“ராணுவத்துல இருக்கிறவன் எல்லாம் மரக்கட்டையா? அவனுக்கும் அப்பன் ஆத்தா இல்லையா? எழுதி வச்சுக்கோ வாத்தியாரே. அந்த ஒண்ணு என் வீட்டிலேருந்து விழும். என் மகன் போடுவான்!”

நான்கு தென்னை மரங்களும் அதைச் சொல்லின. கரைத் தெரு, கோயில் தெரு, படகுத்துறை வரைக்கும். வாத்தியார் பாய்ந்து கம்பியைப் பிடுங்கினார். ஒரு நிமிஷம் ஊரே சத்தமில்லாமல் இருந்தது என்று பிறகு சொன்னார்கள். எனக்கு எப்போதும் போலத்தான் இருந்தது.

அதன் பிறகு நடந்ததுதான் கஷ்டம். பந்தலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். முன்பின் தெரியாத ஒருத்தி மடியிலிருந்து இரண்டு மாம்பழத்தை எடுத்துக் கொடுத்து, “உங்க பிள்ளை நல்லாயிருக்கணும் அண்ணே,” என்றாள். வாங்காமல் இருக்க முடியவில்லை. தின்னாமலும் இருக்க முடியவில்லை. நல்ல பழம்.

உன்னைக் கேட்காமல் உன் பேரில் வாக்குக் கொடுத்துவிட்டேன். அப்பன்மார் செய்கிற வேலைதான், ஆனால் ஊர் முழுக்கக் கேட்கும்படி செய்ய எனக்குத்தான் வசதி இருந்தது.

வாயையும் மைக்கையும் அணைத்துவிட்ட,
அப்பா

*

நேபிடோ
ஜூன் 14, 2015

அப்பாவின் பாதங்களை மும்முறை பணிந்து எழுதுவது.

நான் நலம். மழை தொடங்கிவிட்டது.

நேற்று மதியம் உணவுக்கூடத்தில் ஒரு கர்னல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவரை இதற்கு முன் நான் பார்த்ததில்லை. “உன் அப்பா ஒலிபெருக்கி வைத்திருக்கிறாராமே,” என்றார். ஆம் என்றேன். “நல்ல தொழில்,” என்றார். முழுதும் சாப்பிட்டு முடித்து, தட்டைத் தாமே எடுத்துக்கொண்டு போனார்.

மீன் குழம்பு நன்றாக இருந்தது.

மழைக்காலத்தில் மரத்தில் ஏறிக் குழாய் கட்ட வேண்டாம். வேறு ஆளை வைத்துக்கொள்ளவும்.

பணிவுடன்,
யான் நைங்

*

ஹின்தாடா
ஜூன் 28, 2015

மகன் யான் நைங்குக்கு,

நலமாயிருப்பாய் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்று எழுதுவது வழக்கம்; இந்தத் தடவை நிஜமாகவே நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்றே குழாய்களை இறக்கிச் சாக்கில் கட்டிக் கட்டிலுக்கு அடியில் போட்டேன். கர்னல் சாப்பிட்ட மீன் என் தொண்டையில் நிற்கிறது. இரண்டு கல்யாணத்தை வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டேன். உடம்பு சரியில்லை என்று சொன்னேன். பொய்யுமில்லை.

வியாழக்கிழமை கடை திறந்ததிலிருந்து அங்கேயே இருந்தேன். உட்கார முக்காலியில்லாமல் ஜனங்கள் சாலையில் நின்றார்கள். நீங்கள் எல்லோரும் வரிசையில் போய்ச் சீட்டை வாங்குவதைக் காட்டினார்கள். இந்த முறை நான் யாரையும் விரல் நீட்டிக் காட்டவில்லை.

முடிவைச் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. முகங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். தேறவில்லை. எழுபத்தைந்தையே தொடவில்லையாம். பச்சைச் சட்டையில்லாத பக்கத்திலும் சிலர் நழுவியிருக்கிறார்கள் என்கிறார் வாத்தியார். ஆனால் ஊர் அவர்களைப் பற்றிக் கேட்கவில்லை. அவர்களுடைய அப்பன்மார் மைக்கில் பேசவில்லையே.

ஒருவரும் என்னைத் திட்டவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் இரண்டு வார்த்தை திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன். நூ அக்கா என் முன்னால் தேநீரை வைத்தாள், காசு வாங்கவில்லை, சாவு வீட்டில் வாங்காத மாதிரி. வாத்தியார்தான் என் வலது காதுப் பக்கம் வந்து உட்கார்ந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: “ரகசியச் சீட்டுதானேய்யா. பெட்டிக்குள்ள எது யாரோடதுன்னு யாருக்குத் தெரியும்? நம்ம பய போட்டிருப்பான். மத்தவனுங்க போடல, அதான் தேறல.”

நல்ல மனுஷன். அதைத்தான் நானும் அன்றிலிருந்து கேட்கிறவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நீ போட்டாயா என்று நான் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதைக் கவனித்துக்கொள்.

அப்பா

*

ஹின்தாடா
ஜூலை 19, 2015

மகன் யான் நைங்குக்கு,

சுகம். உன் சுகத்துக்கு எழுது.

என்னைத் தூரத்தில் கண்டதும் தபால்காரன் கடிதம் இல்லை என்று கையை ஆட்டிவிடுகிறான். சில சமயம் நான் வேறு வேலையாகப் போகும்போதுகூட ஆட்டுகிறான். ஆறு ஏறிக்கொண்டிருக்கிறது. படகுத்துறைப் படிகளில் ஏழு முழுகியாயிற்று.

நான் மைக்கில் பேசினதால் உனக்கு அங்கே ஏதாவது நெருக்கடி வந்ததா? பயந்துபோய்த்தான் நீ அப்படிச் செய்ய வேண்டியதாயிற்றா? அப்படியிருந்தால் குற்றம் என் வாயுடையது, உன் கையுடையதல்ல. அதை ஊருக்குச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஒரு வரி எழுது, போதும்.

அப்பா

*

நேபிடோ
ஆகஸ்ட் 30, 2015

அப்பாவின் பாதங்களை மும்முறை பணிந்து எழுதுவது.

கடிதம் எழுதத் தாமதமானதற்கு மன்னிக்கவும். பயிற்சிக்காக வெளியே போயிருந்தேன். ஹின்தாடாப் பக்கம் வெள்ளம் என்று செய்தியில் பார்த்தேன். வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா? கட்டிலுக்கு அடியில் இருக்கும் சாமான்களை மேலே எடுத்து வைக்கவும்.

இந்த மாதம் முதல் எனக்கு மேஜர் பதவி கொடுத்திருக்கிறார்கள். மெய்க்டிலாவில் பெரிய வீடு ஒதுக்கியிருக்கிறார்கள். முன்புறம் மாமரம் இருக்கிறது. அப்பா வந்து எங்களுடன் தங்க வேண்டும் என்று எய் பியூ சொல்கிறாள்.

பணிவுடன்,
யான் நைங்

*

ஹின்தாடா
செப்டம்பர் 20, 2015

மகன் யான் நைங்குக்கு,

உடலும் உள்ளமும் சுகமாயிருக்கட்டும். தண்ணீர் வாசற்படி வரை வந்து, உள்ளே பார்த்துவிட்டு, எடுத்துப்போக ஒன்றுமில்லை என்று திரும்பிவிட்டது.

நவம்பர் தேர்தலுக்கு வாக்காளர் பட்டியலை வட்ட அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன். ஆறு வருஷத்துக்கு முன் இறந்துபோன உன் அம்மாவுக்கு ஓட்டு இருக்கிறது. எனக்கு இல்லை. குமாஸ்தாவிடம் சொன்னேன்: “தம்பி, மாத்திப் போட்டுட்டீங்க. சுடுகாட்டுக்குப் போனது அவ. நான் இன்னும் கிளம்பல.” அவன் பட்டியலைப் பார்த்து, என்னைப் பார்த்து, “ஆதாரம் இருக்கா?” என்றான். நான் இருப்பதற்கு ஆதாரம் கேட்கிறான். குடும்பப் பதிவேட்டின் நகல், இரண்டு சாட்சி எல்லாம் கொடுத்து இப்போது உயிரோடு இருக்கிறேன்.

சட்டத்தை மாற்றச் சொல்லும் சிவப்புக் கொடிக்காரர்கள் ஒலிபெருக்கி கேட்டு வந்தார்கள். ராணுவத்துக்கு வேண்டிய பச்சைக் கொடிக்காரர்களும் வந்தார்கள். சாக்கை அவிழ்த்து இரு தரப்புக்கும் ஆளுக்கு இரண்டு குழாய் கொடுத்தேன். பேச மட்டும் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

மாமரம் காய்க்கிற சாதியா?

அப்பா

*

நேபிடோ
அக்டோபர் 12, 2015

அப்பாவின் பாதங்களை மும்முறை பணிந்து எழுதுவது.

நலம். மழைத் தவக்காலம் முடிகிற பௌர்ணமிக்கு மூன்று நாள் லீவு கிடைத்திருக்கிறது. அப்பாவை நேரில் வணங்க வருகிறேன். வாத்தியாரையும் வணங்க வேண்டும். அவர் ஏற்றுக்கொள்வாரா என்று கேட்டு வைக்கவும்.

பணிவுடன்,
யான் நைங்

*

ஹின்தாடா
நவம்பர் 15, 2015

மகன் யான் நைங்குக்கு,

ஊர் போய்ச் சேர்ந்த விவரத்துக்கு நீ எழுதவில்லை. சேர்ந்திருப்பாய். உடலும் உள்ளமும் சுகமாயிருக்கட்டும். நீ கொண்டுவந்த மால்ட் பொடியைத் தினமும் குடிக்கிறேன். துண்டு நன்றாக ஈரம் உறிஞ்சுகிறது.

நீயே இருந்து பார்த்ததை உனக்கு எழுதுவானேன் என்று நினைப்பாய். நீ சொன்னதுதான் உனக்குத் தெரியும். எனக்குக் கேட்டது உனக்குத் தெரியாது.

அன்று காலையில் நீ கைலி கட்டிக்கொண்டு வந்ததில் எனக்குச் சந்தோஷம். வாழைத்தாரையும் தேங்காயையும் வைத்து, முழந்தாளிட்டு, உடலாலும் சொல்லாலும் மனத்தாலும் செய்த பிழைகளைப் பொறுக்க வேண்டும் என்று நெற்றி தரையில் படக் கும்பிட்டாய். எல்லாப் பிள்ளைகளும் சொல்கிற சொற்கள்தான். எல்லாப் பெற்றவர்களும் சொல்கிற ஆசியைத்தான் நானும் சொன்னேன். அந்த நாளில் குனிந்த தலைக்கு ஆசியில்லை என்று சொன்னவன் இந்த நாட்டில் உண்டா? கொலைகாரனுக்கும் அவன் அப்பன் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வாத்தியார் வீட்டிலும் அப்படித்தான் நடக்கும் என்று நினைத்தேன். ரிக்ஷாவைத் துடைத்து ஓரமாக நிறுத்தி, சலவைச் சட்டை போட்டுக் காத்திருந்தார். ஒரு வார்த்தை குறைக்காமல் நீளமான ஆசியே சொன்னார். அதற்கப்புறம் உன்னை எழுந்திருக்கச் சொல்லாமல், தாமும் கீழே இறங்கி உன் எதிரே உட்கார்ந்து ஏதோ கேட்டார். நீ பதில் சொன்னாய். உன் உதடு அசைந்தது தெரிந்தது, அவ்வளவுதான். நான் உன் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். “என்ன? என்ன சொல்றான்?” என்றேன். நீ குனிந்துகொண்டாய். வாத்தியார் எழுந்து வந்து என் வலது காதில் வாயை வைத்துக் கத்தினார்:

“உத்தரவான்னு கேட்டேன்! இல்லையாம்! உத்தரவே வரலையாம்!”

பக்கத்து வீட்டுக்காரி பூக்கட்டுவதை நிறுத்திவிட்டு வேலியோரம் வந்தாள்.

“அப்ப மைக்கினாலயா? நான் பேசினதுக்குப் பயந்தா?” என்று உன்னைக் கேட்டேன். நீ என் பக்கம் திரும்பி, எனக்குக் கேட்க வேண்டும் என்று நிதானமாக, பெரிதாகச் சொன்னாய். “இல்லப்பா. நீங்க பேசலேன்னாலும் அப்படித்தான் போட்டிருப்பேன். யாரும் ஒண்ணும் சொல்லல. சொல்ல வேண்டியதே இல்ல. சீட்டு கைக்கு வந்துச்சு, மாத்த வேணாம்னு போட்டேன். யோசிக்கக்கூட இல்ல.”

நாலு மாதமாக நான் இராத்திரி பகலாகத் தூக்கித் திரிந்த குற்றத்தைக்கூட நீ என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாய். பொய் சொல்லியிருக்கலாம், மகனே. அந்த ஒன்றைப் போட்டேன் என்று சொல்லியிருந்தால் வாத்தியார் நம்பியிருப்பார். உத்தரவு என்று சொல்லியிருந்தால் மன்னித்திருப்பார். நீ உண்மையைச் சொன்னாய். நல்ல பிள்ளையாக வளர்த்திருக்கிறேன் என்று பெருமைப்படவா, என்ன செய்ய?

வாத்தியார் உன்னைத் திட்டவில்லை. “மாணவன் கணக்கைச் சரியாத்தான் போட்டிருக்கான், வாத்தியாருக்குத்தான் விடை பிடிக்கல,” என்று சொல்லிவிட்டு நமக்குச் சேமியா கொடுத்தார். நீ முழுதும் சாப்பிட்டாய். கிண்ணத்தை நீயே எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினாய்.

இப்போது தேர்தல் சங்கதி. எட்டாம் தேதி விடியுமுன்பே வரிசை. விரலில் கருநீல மை இன்னும் போகவில்லை. முடிவு வந்ததும் ஊர் தெருவில் ஆடிற்று. சிவப்புக் கொடி எல்லா இடத்திலும் ஜெயித்தது. நானும் ஆடினேன், முழங்கால் மறுநாள் கணக்கு கேட்டது. ஆட்டம் முடிந்து கடையில் உட்கார்ந்தபோது வாத்தியார் சொன்னார், “எவ்வளவு ஜெயிச்சாலும் நூறுல இருபத்தஞ்சு அங்கேயே உக்காந்திருக்கும். மறுபடியும் அந்த ஒண்ணு வேணும்.” சிலர் அவரை அடக்கினார்கள், இன்றைக்காவது விடுங்கள் என்று. அவர் விடுகிற ஆளா?

“எனக்கு ஒரு சந்தேகம்யா. புயல் வந்த வருஷம் இந்தச் சட்டத்துக்கு ஓட்டெடுப்பு வச்சாங்கல்ல? சம்மதம்னா டிக், இல்லேன்னா பெருக்கல் குறி. நூத்துக்குத் தொண்ணூறு பேருக்கு மேல டிக் போட்டதா ரேடியோ சொல்லிச்சு. ஏழு வருஷமா என் ரிக்ஷாவுல ஏறினவங்களை எல்லாம் கேட்டுட்டேன். ஒருத்தன்கூடப் போடலையாம். எல்லாரும் பெருக்கல்தானாம். அப்ப யார்தான்யா போட்டது? ஆத்து முதலை வந்து போட்டுச்சா?”

கடை குலுங்கிச் சிரித்தது.

“பெட்டியை மாத்தினாங்க வாத்தியாரே,” என்றாள் நூ அக்கா.

“மாத்தினாங்க, ஒத்துக்கறேன். ஆனா மொத்தத்தையுமா மாத்தினாங்க? யோவ் மைக் சான் பே! அன்னைக்கு ஜீப்புல குழாயைக் கட்டிக்கிட்டு ஊரைச் சுத்தி, சம்மதம்னு போடுங்கன்னு கூவினது நீதானே? நீ என்ன போட்டே?”

“கூவச் சொல்லி உத்தரவு, கூவினேன். உத்தரவு வாய்க்குத்தான்யா. உள்ளே போய் இவ்வளவு பெரிய பெருக்கல்,” என்று கையை விரித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். வாத்தியார் என் முதுகில் அடித்து, “அதான் பார்த்தேன். நீ வாயாடி, ஆனா நல்லவன்,” என்றார்.

நானும் சிரித்தேன்.

பேத்திக்கு என் முத்தம். எய் பியூவுக்கு ஆசி. மெய்க்டிலாவுக்கு இப்போது வர முடியாது; குழாய்கள் இன்னும் கட்சிக்காரர்களிடமிருந்து திரும்பவில்லை.

உன் வாழ்நாள் நீளட்டும்.

அப்பா

தாளின் அடியில் இடம் மிச்சமிருக்கிறது. நீ என் காலடியில் குனிந்திருந்தபோது நாக்கு நுனி வரை வந்து நின்றது, வாயால் சொல்ல முடியவில்லை, எழுதுகிறேன். இந்தச் சட்டத்துக்கு ஓட்டெடுப்பு நடந்த அன்று திரைக்குப் பின்னால் நான் தனியாகத்தான் இருந்தேன். எட்டிப் பார்க்க யாருமில்லை. வெளியே குமாஸ்தா மேசையில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். கீழே கடலோர ஊர்களில் புயலில் செத்தவர்களை இன்னும் எடுத்து முடிக்கவில்லை. நீ அப்போது புது லெப்டினன்ட். இந்தச் சட்டம் வந்தால் ராணுவத்தில் இருக்கிறவனுக்கு நல்ல காலம் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். நான் டிக் போட்டேன், மகனே. யாரும் சொல்லவில்லை.